நெஞ்சளவுத் தண்ணீர்

நீச்சல்காரி ஒருத்தி நெஞ்சளவுத் தண்ணீரில் செத்துப்போனாள் என்றால் யார் நம்புவார்கள்? தாராவியில் அந்தச் சந்தில் ஒருவரும் நம்பவில்லை. பிணத்தைப் பார்த்த பிறகும் நம்பவில்லை.

மெர்லின்டா, வீட்டாருக்கு மெர்லின், பிலிப்பைன்ஸ் நாட்டுக்காரி. ஏதோ ஊர்க்குளத்தில் முங்கி எழுந்தவள் இல்லை. தன் நாட்டுக் கொடி போட்ட தொப்பியை மாட்டிக்கொண்டு, பல நாட்டுப் பெண்களோடு பட்டர்ஃபிளை நீந்தி மெடல் வாங்கியவள். ஒரு பந்தயத்தில் பாதிவழியில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்து, தூக்கி வெளியே போட்டார்கள். "வெறும் வயித்துல நீந்துனேன், அதான்" என்று பிற்பாடு அவளே சிரித்துக்கொண்டு சொல்லுவாள். அதோடு பந்தயம் போயிற்று. வயிற்றுப்பாட்டுக்கு ஒரு உல்லாசக் கப்பலில் நீச்சல் குளத்தங்கரைக் காவல் வேலைக்குச் சேர்ந்தாள். அந்தக் கப்பலின் சமையற்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவன் தாராவி ஞானசீலன். மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

அவன் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கியபோது சந்தே கூடி நின்றது. ஆம்பூர்க்காரர் ஒருவர், "மணிலாவா? எங்க ஊர்ல வேர்க்கடலைய இல்ல அப்படிச் சொல்லுவோம்" என்றார். அன்று முதல் அவள் மணிலாக்காரி.

ஞானசீலனின் அக்கா ஜெயசீலிக்குத்தான் பயம். கட்டினவன் கைவிட்டு, தம்பி வீட்டோடு வந்து கிடப்பவள். வருகிறவள் தமிழச்சியாக இருந்தாலே நாத்தனாருக்கு இடம் சந்தேகம். இவளோ வெள்ளையும் இல்லாத கறுப்பும் இல்லாத யாரோ ஒருத்தி. அன்றைக்கு வீட்டில் சாளைக்கருவாட்டுக் குழம்பு. வெளிநாட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடப்போகிறாள் என்று ஜெயசீலி பார்த்தால், அவள் சட்டி பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையால் பிசைந்து, முள்ளைக்கூட விடாமல் தின்றாள். அவர்கள் ஊரிலும் கருவாடுதானாம். நாத்தனார் சண்டை அன்றே செத்துப்போயிற்று.

செத்தது அது மட்டுமாக இருந்திருக்கக் கூடாதா. மகள் சுஜாவுக்கு ஆறு வயது நடக்கும்போது சர்ச் ஆட்களெல்லாம் கோராய்க் கடற்கரைக்குப் போனார்கள். மெர்லின் நெஞ்சளவுத் தண்ணீரில் நின்று பிள்ளைகளைத் தூக்கித் தூக்கிப் போட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். அலைகூடப் பெரிதாக இல்லை. சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே குப்புறச் சாய்ந்தாள். விளையாட்டு காட்டுகிறாள் என்று பிள்ளைகள் கைதட்டின. நீச்சலே தெரியாத ஜெயசீலிதான் சேலையோடு இறங்கி இழுத்து வந்தாள். தண்ணீர் குடித்துச் செத்தாள் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள்.

"அவளுக்குத் தண்ணியில கண்டம்க்கா" என்றாள் பக்கத்து வீட்டுப் பொன்செல்வி. "சாதகம் பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

"எங்க சபையில சாதகமும் கெடையாது, கண்டமும் கெடையாது" என்று ஜெயசீலி வாயை அடைத்தாள். ஆனால் அந்தச் சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. பதினோரு வருஷமாகியும் எழுந்து போகவில்லை.

மீன்குஞ்சுக்கு நீந்தப் பழக்க வேண்டுமா? சுஜாவைத் தண்ணீர்ப்பக்கம் விடக்கூடாது என்று அத்தைக்காரி எவ்வளவோ கட்டிப்பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் குளத்துக்குக் கூட்டிப்போன முதல் நாளே, மாட்டுங்கா கோச் ஹரிகிருஷ்ணன் வீடு தேடி வந்துவிட்டார். பிறகு அவள் ஜெயித்தாள், ஜெயித்தாள், ஜெயித்துக்கொண்டே போனாள். தகப்பன் நடுக்கடலிலிருந்து போனில் அழுதான். "அக்கா, அவ அம்மா விட்ட எடத்துல இருந்து புடிக்கா. தடுக்காத."

இப்போது பிலிப்பைன்ஸ் சங்கத்துக்காரர்களே கேட்டுவிட்டார்கள். தாய் அந்த நாட்டுக்காரி என்பதால் இவளும் அந்த நாட்டுக்காக நீந்தலாமாம். அதற்கு முன்னால், இந்த ஜூலைப் போட்டியில் அவர்கள் சொன்ன நேரத்துக்குள் நீந்திக் காட்ட வேண்டும். காட்டினால் மணிலா. அம்மாவின் தொப்பி.

போட்டியன்று காலை விடிந்தது போலவே இல்லை. மழை மூன்று நாளாகப் பிடித்துக்கொண்டு விடாமல் அடித்தது. தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் பேசுவதென்றால் கத்த வேண்டும். சாக்கடை படியைத் தொட்டுக்கொண்டு கறுப்பாக நின்றது.

"இன்னொரு முட்ட தின்னுட்டி."

"போதும் அத்த. வயிறு ஃபுல்."

"வெறும் வயித்துல போவாத, சொல்லிட்டேன். ஒங்கம்மா அப்பிடித்தான்—" ஜெயசீலி நிறுத்திக்கொண்டாள். பந்தயத்துக்குப் போகிற பிள்ளையிடம் எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்று ஒரு இது இருக்கிறதல்லவா.

சுஜா பையைத் தோளில் மாட்டினாள். வாசல் வரை போனவள் ஒரு கணம் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை நெஞ்சில் வைத்து நின்றாள்.

"என்னட்டி?"

"குச் நஹி அத்த, சும்மா நர்வஸ்."

"மூஞ்சி வெளிறிக் கெடக்கே."

"அரே, டென்ஷன் எடுக்காதீங்க அத்த. மத்தியானம் ரெண்டு மணிக்கு என் ரேஸ். வந்து பாக்கலாம்லா?"

"நா எதுக்குட்டி அங்கன. தண்ணியப் பாத்தாலே எனக்கு ஆவாது. நீ ஜெயிச்சுட்டு வா. கொழம்பு வச்சு வைக்கேன்."

அவள் போன பிறகு ஜெயசீலி வேலைக்கு உட்கார்ந்தாள். தோல் பர்ஸுக்கு மடிப்பு ஒட்டுகிற வேலை. மேல்தோலின் ஓரத்தில் சொல்யூஷனை இழுத்துத் தடவி, காயவிட்டு, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் மடித்துச் சின்னச் சுத்தியலால் தட்ட வேண்டும். மழைநாளில் அந்தப் பதம் லேசில் வராது. அவசரப்பட்டு மடித்தால் பிரிந்துகொள்ளும். பொறுத்திருந்தால் சொல்யூஷன் வாடை தலைக்கேறும். பொன்செல்வியும் தன் பங்குத் தோலை எடுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். அவள் வீட்டில் தண்ணீர் ஏறிவிட்டது.

போன் அடித்தது பதினோரு மணி வாக்கில் இருக்கும். திரையில் ரோசாரியோ. மெர்லினின் அக்கா. வழக்கமாக ஞாயிற்றுக்கிழமையில் கூப்பிடுவாள், சுஜாவோடு அரையும் குறையுமாக இங்கிலீஷில் பேசுவாள். ஜெயசீலியைப் பார்த்துக் கும்பிடுவாள், ஜெயசீலியும் கும்பிடுவாள், அத்தோடு சரி. இன்று ஞாயிறு இல்லை.

வீடியோவில் முகம் வந்தது. தலை விரிந்து கிடந்தது. அழுது அழுது கண் இரண்டும் உப்பியிருந்தன. என்னமோ சொன்னாள். மழையில் சிக்னல் அறுந்து அறுந்து விழுந்தது.

"சுஜா இல்ல... சுஜா போயிட்டா. ஸ்விம்மிங்!" என்று ஜெயசீலி கையால் நீந்திக் காட்டினாள்.

அதைப் பார்த்ததும் அந்த அம்மாள் அலறிவிட்டாள். "இந்தி! இந்தி! இந்தி புவேதே!" கையை விரித்துத் திரைக்கு முன்னால் ஆட்டினாள். படம் உறைந்தது. மறுபடி வந்தது. "இந்தி!"

"இந்தில பேசணுமாம்க்கா" என்றாள் பொன்செல்வி.

ஜெயசீலிக்கு இந்தி பஜாருக்குப் போய்வருகிற அளவுக்குத்தான். துக்கச் செய்திக்கு அது போதாது. பக்கத்துப் பட்டறை முதலாளி நாகூர் மீரானைக் கூப்பிட்டாள். கடையநல்லூர்க்காரர்; நாற்பது வருஷ பம்பாய். சேட்டுமாரோடு இந்தியில் பேரம் பேசியே தொப்பை வளர்த்தவர். அவர் லுங்கியை ஏற்றிக் கட்டிக்கொண்டு வந்து, போனை வாங்கித் தொண்டையைச் செருமினார்.

"ஹாங் பெஹன்ஜி, போலியே. க்யா ஹுவா?"

"இந்தி! இந்தி!"

"ஹாங், ஹிந்தி மேம் ஹீ போல் ரஹா ஹூம்! போலியே!" இந்தியில்தானே பேசுகிறேன் என்று அவருக்கு எரிச்சல்.

"இந்தி புவேதே!..." பிறகு ஒரு பெரிய அழுகை. பிறகு கரகரப்பு. பிறகு ஒன்றும் இல்லை. திரும்பப் போட்டுப் பார்த்தார். போகவில்லை.

"என்ன அண்ணாச்சி சொல்லுது?"

"வெளங்கல தாயி. இந்தி இந்திங்குது, இந்தில கேட்டா அதுக்கே இந்தி தெரியல. புவேதேன்னா என்னவோ, பூரி கேக்குதோ என்னமோ." சிரிக்கப் பார்த்தார். ஜெயசீலியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினார். "அங்க யாரோ மவுத்தாயிட்டாப்ல இருக்கு. இந்த அழுக வேற எதுக்கும் வராது."

"சுஜாட்டச் சொல்லணுமா அண்ணாச்சி?"

"ஒனக்குப் புத்தி இருக்கா? புள்ள தண்ணில எறங்கப்போவுது. இப்பப் போயி எழவுச் சேதி சொன்னா கையி காலு ஓடுமா? முடிச்சுட்டு வரட்டும்."

அது நியாயமாகத்தான் பட்டது. ஜெயசீலி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தோலை எடுத்தாள். ஆனால் மனசு தோலில் நிற்கவில்லை. மூன்று மடிப்பைப் பதம் தப்பி ஒட்டி, மூன்றும் பிரிந்துகொண்டன. அந்த அம்மாள் எதற்கு அப்படி அலறினாள்? சாவு அங்கே நடந்திருந்தால் இங்கே நான் நீந்திக் காட்டியதற்கு ஏன் அலற வேண்டும்? கேள்வி ஒரு பக்கம் கிடக்க, மழை ஒரு பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. கருவாட்டுக் குழம்பு கொதித்து அடங்கியது.

வீட்டில் தண்ணீர் ஏறியவளைப் பட்டினி போடலாமா? பொன்செல்விக்கும் சேர்த்துச் சோறு போட்டாள். முதல் சோறு தீர்வதற்குள் இன்னொரு கரண்டியை அள்ளிக்கொண்டு போனாள்.

"போதும்க்கா! போதும், போதும்!" பொன்செல்வி தட்டுக்கு மேலே உள்ளங்கையை விரித்துக் குறுக்கும் நெடுக்குமாக ஆட்டினாள்.

ஜெயசீலியின் கை அந்தரத்தில் நின்றது. சோறு கரண்டியிலிருந்து சரிந்து தரையில் விழுந்தது.

இதே இடம். இதே கருவாடு. தட்டுக்கு மேலே விரிந்த ஒரு வெளுத்த கை, இதே மாதிரி ஆடுகிறது. "இந்தி! இந்தி!" என்கிறாள் புதுப்பெண் மெர்லின். ஐயோ பாவம், இந்தியில் கேட்டால்தான் விளங்கும்போல என்று ஜெயசீலி, "அவுர் சாவல்? லோ, லோ" என்று அள்ளி அள்ளி வைக்கிறாள். அவள் கையை ஆட்ட ஆட்ட, சோறு குவிந்துகொண்டே போகிறது. கடைசியில் ஞானசீலன் வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஏக்கா, கொன்னுராத அவள! அவங்க பாஷைல இந்தின்னா வேண்டாம்னு அர்த்தம். இல்ல, கூடாது, எல்லாத்துக்கும் அதான்!" சந்து முழுக்க ஒரு மாதம் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தது. அவள் செத்தாள், சிரிப்பும் செத்தது, அந்தச் சொல்லை அந்த வீட்டில் பிறகு யாரும் சொல்லவில்லை.

கூடாது. கூடாது. நான் நீந்திக் காட்டினேன், அவள் கூடாது என்று அலறினாள்.

"பொன்செல்வி, அந்த அம்மா இந்தி கேக்கலட்டி. புள்ளய எறங்க விடாதங்குதா!"

"என்னக்கா சொல்லுதிய?"

பதில் சொல்ல அவள் அங்கே இல்லை. செருப்புப் போடவில்லை. சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். ஓடிக்கொண்டே சுஜாவுக்குப் போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. கோச்சுக்கு அடித்தாள்; எடுக்கவில்லை. நைன்டி ஃபீட் ரோட்டில் ஒரு டாக்ஸிக்காரன் மாட்டுங்கா என்றதும் தலையை ஆட்டினான். "கிங்ஸ் சர்க்கிள் மேம் பானி பரா ஹை." அங்கே தண்ணீர் நிறைந்து நிற்கிறதாம். அவள் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தே விட்டாள். "சலோ பய்யா. பச்சி மர் ஜாயேகி." பிள்ளை செத்துப்போவாள் என்றதும் அவன் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான்.

அவன் பொய் சொல்லவில்லை. கிங்ஸ் சர்க்கிள் நெருங்கும்போதே ரோடு ஏரியாகக் கிடந்தது. பஸ் ஒன்று பாதி முங்கி அணைந்து நின்றது. டாக்ஸி அதற்குமேல் போகாது. ஜெயசீலி இறங்கினாள். முழங்கால், தொடை, இடுப்பு. கோராயில் அன்று இறங்கிய பிறகு அவள் இறங்குகிற தண்ணீர் இதுதான். அன்றைக்கு நேரத்தில் இறங்கவில்லை. கர்த்தரே, கர்த்தரே என்று சொல்லிக்கொண்டே கைகளால் தண்ணீரைத் தள்ளித் தள்ளி நடந்தாள். காலுக்கடியில் மூடி இல்லாத குழி எங்கே இருக்கிறதோ தெரியாது. ஒரு பையன் பலகையில் மிதந்து போனான். ஒரு நாய் நீந்திப் போனது. கையில் தூக்கிப் பிடித்திருந்த போனில் மணி இரண்டாக ஐந்து நிமிஷம் இருந்தது.

குளத்து வாசலில் காவலாளி மறித்தான். பாஸ் கேட்டான். அவள் தமிழிலும் இந்தியிலும் என்னவெல்லாமோ சொன்னாள். இடுப்புக்குக் கீழே சாக்கடை ஒழுக நிற்கிற பொம்பளையை உள்ளே விட அவனுக்கென்ன பைத்தியமா? அவள் அவன் கையைத் தட்டிவிட்டு உள்ளே ஓடினாள். அவன் பின்னாலேயே ஓடிவந்தான்.

மழையில் குளம் கொதிப்பது போலிருந்தது. கரையில் குடைகள், தார்ப்பாய்கள். எதிர்க்கரையில் மேடைகளின் மேல் எட்டுப் பெண்கள். எட்டுத் தொப்பி, எட்டுக் கண்ணாடி. இதில் எது சுஜா? நடுவில் நிற்கிறவள். அந்தத் தோள் மெர்லினின் தோள். விசில் ஊதினார்கள். குனிந்து பிடிக்கச் சொல்லி ஒலிபெருக்கி ஏதோ சொன்னது. எட்டுப் பேரும் குனிந்தார்கள். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு அமைதி; மழையின் சத்தம் மட்டும்.

"சுஜா" என்று கூப்பிட்டால் உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைப்பாள். "வேண்டாம்" என்றால் கேலி என்று நினைப்பாள். ஜெயசீலி அதையெல்லாம் யோசிக்கவில்லை. அவள் வாயில் வந்தது ஒரே சொல்தான்.

"இந்தி! இந்தி! சுஜா, இந்தி!"

காவலாளி அவள் தோளைப் பிடித்து, "மராட்டி போலா, பாயி" என்று மராட்டியில் பேசச் சொல்லி அதட்டினான். யாரோ சிரித்தார்கள்.

ஹாரன் அடித்தது. ஏழு பெண்கள் பாய்ந்தார்கள். ஏழு.

ஒருத்தி மேடையிலேயே நின்றாள். குனிந்தபடியே கொஞ்ச நேரம். பிறகு மெதுவாக நிமிர்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, சத்தம் வந்த திசையைத் தேடினாள்.

முதலில் வந்தது கோச்தான். குடை எங்கேயோ, அவர் எங்கேயோ. "என்னம்மா இது அநியாயம்! கொழந்தை ப்ளாக்ல நிக்கறச்சே இப்படிக் கத்துவேளா? போச்சு! எல்லாம் போச்சு! மணிலால என்னன்னு சொல்றது நான்? உங்களுக்கே நன்னாருக்கா?"

"வையுங்க சார். எவ்வளவு வேணும்னாலும் வையுங்க" என்றாள் ஜெயசீலி. ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சுஜா வந்து எதிரில் நின்றாள். கண்ணாடியை நெற்றியிலிருந்து பிடுங்கினாள். கோபமா, அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"யார் சொல்லித் தந்தா அத்த? அந்த வார்த்தய யார் சொன்னா? அம்மா இல்ல அப்படிச் சொல்லுவாங்க. நான் தெருவுக்கு ஓடினா..."

"ஒங்க பெரியம்மாட்டி. காலையில அழுதுக்கிட்டு—"

அதற்குள் போன் அடித்தது. ரோசாரியோ. சுஜா ஈரக்கையால் வாங்கிக் காதில் வைத்தாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். குளத்தில் ஏழு பேரும் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். கூட்டம் கத்தியது. யாரோ ஜெயித்தார்கள்.

"என்னட்டி சொல்லுதாவ?"

"பெரியம்மா பையன். ஜோயல். என் வயசுதான், அவனும் ஸ்விம்மர். நேத்து ப்ராக்டிஸ்ல..." சுஜா குளத்தைத் திரும்பிப் பார்த்தாள். "தண்ணிக்குள்ளயே நின்னுருச்சாம் அத்த, நெஞ்சு. தண்ணி குடிக்கல. மூழ்கல. டாக்டர் சொன்னாராம், இது ரத்தத்துல வர்றதாம். அம்மா வழியில எல்லாருக்கும் இருக்கலாமாம். தண்ணில இறங்கினாத்தான் வருமாம். டெஸ்ட் பண்ற வரைக்கும் யாரும் இறங்கக் கூடாதாம்."

கோச் ஹரிகிருஷ்ணனின் கை தானாகத் தலைக்குப் போயிற்று.

அப்படியானால் கண்டமும் இல்லை, கடலும் இல்லை. பதினோரு வருஷம் கழித்து மெர்லின் செத்த காரணம் ஜெயசீலிக்குக் கிடைத்தது. கிடைத்து என்ன ஆகப்போகிறது? அவள் பிள்ளையின் ஈரமான கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். சூடு இருந்தது. அது போதும்.

சுஜா போனை நெஞ்சோடு பொத்திக்கொண்டு அவள் பக்கத்தில் குந்தினாள். குரலைத் தாழ்த்தினாள், கோச்சுக்குக் கேட்கக் கூடாது என்பது போல.

"அத்த, திட்டக் கூடாது."

"சொல்லு."

"எனக்கும் வருது. போன மாசம் வந்துச்சு. போன வாரமும். திரும்புறப்ப நெஞ்சு படபடன்னு அடிச்சு, டக்குன்னு நின்னுரும். கண்ணு இருட்டும். சுவத்தத் தொட்டப்புறம்தான் வெளிச்சம் வரும். காலையில வாசல்ல நின்னேன்ல, பயத்துலதான்."

"யார்ட்டச் சொன்ன?"

"யார்ட்டயும் சொல்லல. சொன்னா விடமாட்டீங்கல்லா."

ஜெயசீலி திட்டவில்லை. பிள்ளையின் தலையை இழுத்துச் சாக்கடை நாறுகிற மடியில் அணைத்துக்கொண்டாள். சுஜா அப்போதுதான் உடைந்து அழுதாள். "இனி எப்பவுமே கூடாதா அத்த? தண்ணில எப்பவுமேவா?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள்.

மடிக்குள் அமுங்கிக் கிடந்த போனிலிருந்து சின்னதாக ஒரு குரல் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது.

"என்னட்டி கேக்காவ?"

"தண்ணில எறங்கிட்டியான்னு கேக்காங்க."

சுஜா புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். தொப்பியைக் கழற்றித் தரையில் போட்டாள். பிறகு போனை வாயருகே கொண்டுபோனாள்.

"இந்தி" என்றாள்.